நத்தைகுத்தி நாரையின் அலகு மூடாமல் போனது

பறவைகளும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நாரைகளுக்கு நல்ல குரல் இருந்தது. அலகும் அப்படித்தான். மேல் அலகும் கீழ் அலகும் சேர்ந்து மூடினால் நடுவில் ஒரு புல்கூட நுழையாது.

ஒரு பெரிய ஏரி. ஏரித் தண்ணீருக்குள்ளேயே நின்ற கருவேல மரம் ஒன்றில் ஒரு நாரைக் குடும்பம் இருந்தது. ஏரி தளும்பி வழிந்த வருடத்தில் வந்து குடியேறியவர்கள் என்பதால் அவர்களுடைய குடும்பப் பெயர் தளும்பா. பிள்ளையை எப்போது கூப்பிட்டாலும் அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அந்த வீட்டார் வாயில் அது முழுசாக வராது. ‘தளும்ப்’ என்று சொல்லி, மீதியை விழுங்கிவிட்டு, அலகை ‘டப்’ என்று அடித்து மூடுவார்கள். அந்த ‘டப்’பில்தான் குடும்பத்தின் மதிப்பே இருக்கிறது என்று அவர்களுக்கு எண்ணம்.

அந்த வீட்டுப் பையன் கோரையன். அவன் கடற்கரைப் பக்கத்திலிருந்து அலைச்சி என்ற நாரையைக் கட்டிக்கொண்டு வந்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அலைச்சியும் கடற்கரைக்குப் போனாள். அங்கே ஒரு குஞ்சு பொரித்தது. பொட்டு என்று பெயர் வைத்தார்கள். கடற்கரையில் எந்நேரமும் காற்றும் அலையும் இரைகிற இரைச்சலில் சுருக்கமாகக் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. அதனால் அலைச்சி அலகைத் திறந்தபடியே, “பொட்டுத் தளும்பாஆஆ” என்று இழுத்துக் கூப்பிட்டாள். குஞ்சு ஓடி வந்து அவள் காலுக்கிடையில் புகுந்துகொண்டது.

சிறகு முளைக்கும் முன்பே பிள்ளையைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது முறை. கோரையன் வந்து பொட்டுவை முதுகில் வைத்துக்கொண்டு, அலைச்சியோடு நாலு குளத்தில் இறங்கி இளைப்பாறி, ஒரு வழியாக ஏரிக்கு வந்து சேர்ந்தான்.

கோரையனின் அம்மா பெருங்காலி கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “அடி என் தங்கமே! மூக்கு அப்படியே எங்க வீட்டு மூக்கு” என்று பூரித்துப்போய், “பொட்டுத் தளும்ப்!” என்று கூப்பிட்டு அலகை அடித்து மூடினாள்.

குஞ்சு நடுங்கிப் பின்னால் நகர்ந்தது.

“வெட்கப்படுது” என்றாள் பெருங்காலி. மறுபடி கூப்பிட்டாள். டப்! குஞ்சு இன்னும் பின்னால் போனது. கூட்டின் விளிம்பில் அதன் ஒரு கால் வழுக்கியது. அலைச்சி சிறகை நீட்டி அணைத்திராவிட்டால் விழுந்திருக்கும். கீழே தண்ணீர். தண்ணீரில் முதலை.

“அத்தை, அது வெட்கமில்லை” என்றாள் அலைச்சி. “எங்க பக்கத்துல கழுகு வந்தா மட்டும்தான் அலகை அடிப்போம். அடிச்சா ‘பின்னால போ’ன்னு அர்த்தம். பிள்ளை அதைத்தான் பழகியிருக்கு. தளும்பான்னு முழுசா சொல்லுங்க, ஓடி வரும்.”

“ஏண்டி, எங்க வீட்டுப் பேரை எப்படிச் சொல்றதுன்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

“பேரை நான் மாத்தச் சொல்லல. கடைசியில அடிக்கிற அந்த அடி வேணாம்னுதான் சொல்றேன்.”

“அடி இல்லேன்னா அது கொட்டாவி. நாலு தடவை கேட்டா பிள்ளை தன்னால பழகிடும், போ.”

நாலு தடவை கேட்கவெல்லாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பெயர் கூப்பிடும் சடங்கு. வீட்டார் அத்தனை பேரும் தாய்க்கிளையில் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். கடைசியாகப் பெற்றவள் கூப்பிடுவாள். அதற்குள் பிள்ளை தானாகக் கூட்டைவிட்டு அந்தக் கிளையில் கால் வைக்க வேண்டும். வராத பிள்ளைக்கு அந்த மரத்தில் இடம் கிடையாது.

அலைச்சி கோரையனிடம் சொன்னாள். “பத்துப் பேர் சேர்ந்து அலகை அடிச்சா பிள்ளை முதலை வாயிலதான் போய் விழும். உங்க அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்க.”

கோரையன் ஒரு காலை மடக்கினான். பிறகு அதை இறக்கி மற்ற காலை மடக்கினான். “ஒரு நாள் கூத்துதானே? அவங்க மனசு கோணாம முடிச்சிடலாம். அப்புறம் நீ எப்படி வேணும்னாலும் கூப்பிட்டுக்கோ.”

“அந்த ஒரு நாள்ல பிள்ளை போயிட்டா அப்புறம் யாரை நான் கூப்பிடறது?”

அவன் மறுபடி ஒரு காலை மடக்கினான்.

அந்த நாளும் வந்தது. முதலில் கோரையனின் பெரியப்பா நெட்டையன் கூப்பிட்டார். டப்! குஞ்சு பின்னால் போனது. அடுத்து சித்தி. டப்! ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வோர் அடியாகப் பொட்டு விளிம்புக்குப் போய்விட்டது. பெருங்காலி ஆசை தாங்காமல் எல்லோரையும்விடச் சத்தமாக அடித்தாள். குஞ்சின் ஒரு கால் வெளியே தொங்கியது. கூட்டிலிருந்து இரண்டு குச்சிகள் உருவிக்கொண்டு தண்ணீரில் விழுந்தன. கீழே முதலை வாயைத் திறந்தது.

“பெத்தவ கூப்பிடு. அடிச்சுக் கூப்பிடு!” என்றார் நெட்டையன்.

அலைச்சி கிளையிலிருந்து குதித்துக் கரைப்பக்கம் பறந்தாள். ஓடிப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவள் சேற்றில் அலகை விட்டு, முட்டை அளவு பெரிய நத்தை ஒன்றை எடுத்து, அலகின் நட்டநடுவில் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். இனி அவளே நினைத்தாலும் அலகு மூடாது. அந்த நத்தையோடு கூப்பிட்டாள்.

“பொட்டுத் தளும்பாஆஆ!”

குஞ்சு காலை உள்ளே இழுத்தது. கூட்டைக் கடந்தது. கிளையில் ஏறி நேராக அவள் காலுக்கிடையில் வந்து நின்றது.

“இது செல்லாது” என்றார் நெட்டையன். “வாயில எதையோ அடக்கிக்கிட்டுச் சொன்னா அது பேரா?”

“இனி இதோடதான் சொல்வேன்” என்றாள் அலைச்சி.

“எத்தனை நாளைக்கு?” என்று கேட்டாள் பெருங்காலி.

“பிள்ளை பறக்கிற வரைக்கும். நீங்க எல்லாரும் சேர்ந்து கேட்டாலும் இதை எடுக்க மாட்டேன்.”

அவளையும் பிள்ளையையும் காற்றடிக்கிற கடைசிக் கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை ‘டப்’ கேட்டு வருகிற அன்றைக்கு உள்ளே வரலாம் என்று தீர்ப்பு. மழை பிடித்தது. அலைச்சி சிறகைக் குடையாக விரித்து நின்றாள். அலகின் நுனியால் சின்னச் சின்ன மீனாகப் பிடித்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள், தானும் தின்றாள். நத்தையை மட்டும் விடவில்லை. தாடை வலித்தது. விடவில்லை.

மூன்றாம் நாள் கோரையன் வந்தான். அவன் அலகிலும் ஒரு நத்தை இருந்தது. வந்து மழை அடிக்கிற பக்கமாக நின்றுகொண்டான்.

பெருங்காலிக்கு ஒரு நாள் நல்ல கெளுத்தி கிடைத்தது. பேரப்பிள்ளைக்குக் கொடுக்காமல் இறங்குமா? கடைசிக் கிளைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பழக்கத்தில் “பொட்டுத் தளும்ப்!” என்று அடித்துவிட்டாள். பொட்டு அலறிக்கொண்டு அலைச்சியின் சிறகுக்குள் புகுந்தது. மீன் சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. பெருங்காலி அது விழுந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் ஒரு நத்தையோடு வந்தாள்.

“ஏண்டி, இதை எங்கே வச்சுக்கணும்?”

“நடுவுல, அத்தை.”

“நாத்தம் தாங்கல” என்று முகத்தைச் சுளித்தபடியே அலகில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். ‘தளும்பா’ அவளையும் அறியாமல் நீளமாக வந்தது. பொட்டு தத்தித் தத்தி வந்து அவள் காலில் சாய்ந்தது.

பிறகு சித்தி, பிறகு மற்றவர்கள். கடைசியாக நெட்டையனும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு நத்தையைக் கவ்வினார். உள்ளதிலேயே சின்ன நத்தை.

மழைக்காலம் முடிந்து பொட்டு பறந்தது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றியது. கிளையில் இருந்தவர்கள் எல்லோரும் நத்தையைக் கீழே போட்டார்கள். அலகை மூடப் பார்த்தார்கள். மூடவில்லை. இத்தனை நாள் நத்தையைக் கடித்ததில் நடுவில் வளைந்து சந்து விழுந்திருந்தது.

“பொட்டுத் தளும்ப்” என்று சொல்லப் பார்த்தாள் பெருங்காலி. அலகு அடிக்கவில்லை, காற்றுதான் போனது. அலைச்சி தன் முறையில் இழுத்துப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. சந்து வழியாகக் குரலெல்லாம் ஒழுகிப் போய்விட்டது. மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளை தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் சேர்ந்து அலகின் நுனியை மட்டும் தட்டினார்கள். டக டக டக. நடுவில் சந்து இருந்ததால் சத்தம் மெதுவாக வந்தது. அதில் பயமுறுத்த ஒன்றுமில்லை.

பொட்டு திரும்பிப் பார்த்தது. வளைந்து வந்து இருவருக்கும் நடுவில் இறங்கியது.

அன்றிலிருந்துதான் நத்தைகுத்தி நாரைக்குக் குஞ்சில் ஒழுங்காக மூடுகிற அலகு வளர வளர நடுவில் திறந்துகொள்கிறது. கூட்டுக்கு வரும்போது அது டக டகவென்று அலகைத் தட்டுமே தவிர, எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.