ராஜா கை நனைத்த கிணறு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், வெயிலுக்கும் வீம்புக்கும் பஞ்சமில்லாத கொற்றநாட்டை வல்லக்கோன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. காது மட்டும் எப்போதும் தளவாய் வீரசண்டன் பக்கம் சாய்ந்திருக்கும். தளவாய்க்கோ மந்திரி அம்பலவாணரைக் கண்டால் ஆகாது. மீசையை முறுக்குவதும் மந்திரிமேல் கோள் மூட்டுவதும்தான் அவன் பிழைப்பு.

பக்கத்து நாட்டோடு ஒரு போர் வந்தது. வல்லக்கோன் ஜெயித்தான். ஜெயித்த கதையைப் புலவர்கள் பாடித் தீர்த்தார்கள். எல்லையில், எதிரி பக்கம் இருந்த ஓடைக்காடு என்ற ஊரைப் பற்றி மட்டும் ஒருவரும் பாடவில்லை. எதிரிப் படைக்குத் தண்ணீர் கிடைக்கக் கூடாது என்று தளவாய் அந்த ஊர்க் கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்திருந்தான். எதிரி வேறு வழியாகப் போய்விட்டான். நாக்கு வறண்டு செத்தது ஊர்ச் சனங்கள்தான்.

ஊர் தன் கைக்கு வந்ததும் ராஜாவுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. வண்டி வண்டியாக விருந்துச் சாப்பாடு அனுப்பினான். போன வண்டிகள் மூடி திறக்காமல் திரும்பி வந்தன. “உங்க சோத்துல கை நனைக்க மாட்டோம்” என்று ஊரார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பகையாளி சோற்றில் கை நனைத்தால் பகை தீர்ந்தது என்று அர்த்தமல்லவா!

“என் சோறு அவ்வளவு இளப்பமா?” என்று ராஜா குதித்தான்.

“ஒரு வார்த்தை சொல்லுங்கள் பிரபு, ஊரையே கொளுத்திவிடுகிறேன்” என்றான் தளவாய்.

மந்திரி சிரித்தார்.

“எதற்கு ஐயா சிரிப்பு?”

“முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம் அரசே. அவர்கள் சோற்றையே தொடவில்லை. தப்புச் செய்தவன் வீட்டுக்கு யாராவது முதலில் சாப்பிட வருவார்களா? நாம்தான் அங்கே போய்க் கை நனைக்க வேண்டும்.”

“நானா? கூப்பிடுவார்களா?”

“கூப்பிட்டால்?”

“போகிறேன்! அங்கே கை நனைக்காமல் அரண்மனையில் ஒரு பருக்கை தொட மாட்டேன், சத்தியம்! கூப்பிடாவிட்டால் பௌர்ணமியன்று தளவாய் தீப்பந்தத்தோடு புறப்படுவான்.”

தளவாயின் மீசை காதைத் தொட்டது.

மந்திரி ஓடைக்காட்டுக்குப் போனார். அங்கே பொன்னுருவி என்றொருத்தி. அவள் பேச்சைத் தாண்டி ஊர் எதுவும் செய்யாது. அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“மிரட்டிச் சாப்பிட வர்ற விருந்தாளிய இப்பத்தான் பாக்குறேன்” என்றாள் அவள். “சரி, வரச் சொல்லுங்க. ஆனா எங்க ஊர்ல சாப்பிடணும்னா எங்க கெணத்துத் தண்ணியிலதான் கை நனைக்கணும்.”

மந்திரி திரும்பிப் பார்த்தார். கிணறு இருந்த இடத்தில் பாறைக் குவியல். அதைப் புரட்டத் தெம்பில்லாத ஊர், போர் நடந்தபோது போக முடியாத தூரத்து ஓடையிலிருந்து இப்போது தண்ணீர் சுமந்துகொண்டிருந்தது. “இந்த வழக்கத்தை நான் ராஜாவிடம் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை தாயி” என்றார் மந்திரி.

ராஜா பசியோடு வந்து இறங்கினான். இலையில் கேழ்வரகுக் களி ஆவி பறந்தது. சேவகன் வெள்ளிச் செம்போடு வந்தான். பொன்னுருவி குறுக்கே வந்தாள்.

“இருங்க ராசா. அது அரமனைத் தண்ணி. அதுல கை நனைச்சா அரமனையில சாப்பிட்ட மாதிரி.”

“சரி, உங்கள் கிணறு எங்கே?”

பொன்னுருவி கல் குவியலைக் காட்டினாள்.

“யார் தூர்த்தது?”

எல்லார் கண்ணும் தளவாய்மேல் விழுந்தது. “போர்த் தந்திரம் பிரபு... வீரர்களை விட்டு அள்ளச் சொன்னால் ஆச்சு” என்று அவன் இழுத்தான்.

“அள்ளுகிறவன் கைதானே நனையும் தளவாயாரே? சத்தியம் செய்தது அரசர்” என்றார் மந்திரி.

ராஜாவின் முகம் சிவந்தது. கை வாளுக்குப் போனது. பொன்னுருவி அசையவில்லை.

“வெட்டுறதுன்னா வெட்டுங்க. எம் மக கடைசியாக் கேட்டது ஒரு வாய் தண்ணி. அவ நாக்க நனைக்க என்னால முடியல. உங்க கைய மட்டும் சும்மா நனைச்சு விடவா?”

ராஜாவுக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

“மகள் பேர் என்ன தாயி?”

“பூவாத்தா.”

ராஜா கிரீடத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்தான். பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு முதல் கல்லைத் தூக்கினான். ராஜா குனிந்தபின் தளவாய் நிமிர்ந்து நிற்க முடியுமா? குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஆள் அவன். அன்றைக்கு ஒட்டிய மண்ணில் ஒரு கத்தரிச்செடி வைத்திருக்கலாம்.

ஊர் வேடிக்கை பார்த்தது. ராஜாவின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தபோது, போரில் அண்ணனைப் பறிகொடுத்த குயவன் ஒருவன் கூடையோடு இறங்கினான். அவன் பின்னால் இன்னும் பலர். ஊரும் படையும் கூடை மாற்றி, கல் மாற்றி, பொழுது சாயும் நேரத்தில் அடியிலிருந்து ஊற்று பீறிட்டது. போருக்குப் பிறகு வாயே திறக்காத பெண்கள் குலவையிட்டார்கள். காடே அதிர்ந்தது.

பொன்னுருவி அந்தத் தண்ணீரை மொண்டு ராஜாவின் கையில் ஊற்றினாள்.

“என்னை மன்னித்தாயா தாயி?”

“எம் மக போனது போனதுதான். அந்த வலி நான் சாகுற வரைக்கும் இருக்கும். ஆனா எம் மண்ணுல எறங்கிப் பாடுபட்டவனப் பட்டினியா அனுப்ப மாட்டேன். பகை இன்னையோட தீந்துச்சு. உக்காருப்பா, சாப்பிடு.”

ராஜா அழுதுகொண்டே சாப்பிட்டான். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான்.

“மந்திரியாரே, என் சத்தியத்தாலேயே என்னைக் கட்டிப்போட்டீரே! என்ன பரிசு வேண்டும்?”

“நானும் பட்டினிதான் அரசே. முதலில் ஓர் உருண்டை களி.”

ராஜா தளவாய் பக்கம் திரும்பினான். “இரண்டு நாட்டிலும் நீ தூர்த்த கிணறு அத்தனையும் நீயே தோண்டு. கூப்பிடுகிற ஊரில் சாப்பிடு. கூப்பிடாத ஊரில் பட்டினி கிட.”

தளவாய் ஊர் ஊராகத் தோண்டினான். முதலில் முறைத்த ஊர்கள்கூடத் தண்ணீர் வந்ததும் இலை போட்டன. திரும்பி வரும்போது ஆள் கறுத்துப்போயிருந்தான். மீசை முறுக்கு அவிழ்ந்திருந்தது.

சில வருஷம் கழித்து ராஜாவுக்குப் பழைய கிறுக்கு தலைதூக்கியது. “தளவாயே, படையைத் திரட்டு! எல்லை தாண்டிப் போகலாம்!”

தளவாய் நகரவில்லை. “எந்த ஊர்மேல் போவது பிரபு? நான் கை நனைக்காத ஊராக ஒன்று சொல்லுங்கள், புறப்படுகிறேன்.”

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி கூரையைப் பார்த்தார். முதலில் சிரித்தது ராஜாதான். அதோடு அந்தப் போர் சபையிலேயே செத்தது.