புகை வந்த இடமெல்லாம் சிமெண்ட்

சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்கிற ஆட்கள் நகராட்சிக்குக் கிடைப்பது அபூர்வம். ஏரிக்கோணத்துக்கு மூன்று பேர் கிடைத்திருந்தார்கள். ஊர் உருப்படாமல் போனதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு காரணம்.

மேஸ்திரி நல்லசிவம், அவருக்குக் கீழே பிச்சாண்டி, சூசை. மூவரும் பாதாளச் சாக்கடைப் பிரிவு. சாக்கடைக்கு வயது அதிகம், குழாயெல்லாம் விரிசல். மழை பெய்தால் மொட்டைமாடித் தண்ணீர், ரோட்டுத் தண்ணீர், மண்ணில் ஊறுகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் புகுந்துகொள்ளும். இத்தனையும் குழாய் கொள்ளுமா? தெருவின் பள்ளத்தில் இருந்த செண்பகவல்லியின் இட்லிக் கடையில், கைகழுவும் இடத்து ஓட்டை வழியாக எழுந்து வரும்.

இன்னொரு தடவை கடைக்குள் சாக்கடை வந்தால் பூட்டிவிடுவேன் என்று சுகாதார ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். செண்பகவல்லிக்கு வேறு பிழைப்பு கிடையாது. நகராட்சி வாசலில் உட்கார்ந்து அழுதாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வாய்க்கு வந்தபடி ஏசினாள். உடனே நடவடிக்கை எடுத்தார்கள்.

இன்ஜினியர் அம்மா மூவரையும் கூப்பிட்டு ஒரு மெஷினைக் காட்டினார். "மேன்ஹோலுக்குள்ள இதால புகையை ஊதுங்க. புகை எங்க வெளிய வருதோ, அங்க ஓட்டைன்னு அர்த்தம். மழைத்தண்ணி அந்த வழியாத்தான் உள்ள போகுது. புகை வர்ற இடத்தையெல்லாம் அடைச்சிடுங்க."

மெஷினின் குழாயை மேன்ஹோலில் விட்டு ஊதினார்கள். ஊதின இடத்திலேயே புகை குபுகுபுவென்று வெளியே வந்தது. ஊரிலேயே பெரிய ஓட்டை இதுதான் என்று மேஸ்திரி கண்டுபிடித்தார். புகைக்குழாய் இடைஞ்சலாக இருந்ததால் அதை உருவிப் போட்டுவிட்டு, மேன்ஹோலைச் சிமெண்ட் பூசி அடைத்தார்கள். அதன் பிறகு மெஷின் ஆகாயத்தைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. டீசல் வீணாகிறதே என்று சூசை அணைத்தான்.

அடுத்து, தெருவில் புகை தேடிப் போனார்கள். ஒரே இடத்தில்தான் வந்தது. இட்லிக் கடையின் புகைபோக்கியில்.

"அண்ணே, இது அடுப்புப் புகையா இருக்குமோ?" என்றான் பிச்சாண்டி.

மேஸ்திரி சூசையை மேலே ஏற்றி மோந்து பார்க்கச் சொன்னார்.

"சாம்பார் வாசனை வருதுண்ணே."

"சாக்கடையில சாம்பார் போறதில்லையா?"

போகிறதுதான். அதை யாரும் மறுக்க முடியவில்லை. புகைபோக்கியை அடைத்தார்கள்.

புகை ஜன்னல் வழியாக வந்தது. ஜன்னலை அடைத்தார்கள். செண்பகவல்லி இருமிக்கொண்டே இட்லிக் கொப்பரையோடு வெளியே ஓடி வந்தாள். அவள் பின்னாலேயே புகையும் வந்தது. வாசலைச் செங்கல் வைத்துக் கட்டினார்கள். அவள் மூவரின் பரம்பரையையும் இழுத்துத் திட்டினாள். "உங்களுக்காகத்தான்க்கா பண்றோம்" என்று சொல்லி, கூரை இடுக்கையும் பூசினார்கள். காற்றில்லாமல் அடுப்பு அணைந்தது. புகை நின்றது. ஏரிக்கோணத்துச் சாக்கடையில் இனி ஒழுக்கே இல்லை என்று இன்ஜினியர் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

சாயங்காலமே மழை கொட்டியது. வழக்கமாகக் கடைக்குள் எழும் தண்ணீர் வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து நாறடிக்கும். அன்றைக்கு வரவில்லை. வர வாசல் எங்கே இருக்கிறது? பள்ளத்தெரு காய்ந்து கிடந்ததைப் பார்த்து ஜனங்கள் மேஸ்திரிக்குத் துண்டு போர்த்தினார்கள். கூரை வரை நிறைந்த கடையின் சுவரில் காதை வைத்துச் செண்பகவல்லி மட்டும் உள்ளே சட்டி பானைகள் மோதிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் ஆய்வாளர் பூட்டோடு வந்தார். கடையை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றினார்.

"கதவு எங்கம்மா?"

"இல்லைங்க சார்."

பூட்டை எதில் மாட்டுவது? கதவு இல்லாத கடையை மூட விதியில் இடமில்லை. மூடாத கடை திறந்திருக்கிற கடை என்றுதான் ஆகும். ஆய்வாளர் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பப் பார்த்தார். அந்த மழைக்காலத்தில் செண்பகவல்லி முதல்முறையாகச் சிரித்தாள்.

பூச்சு காய்ந்ததா என்று பார்க்க ஆட்கள் இருவரோடும் வந்திருந்த மேஸ்திரிக்குத்தான் மனசு கேட்கவில்லை. அரசாங்க வேலையாக வந்த மனுஷர் வெறுங்கையோடு திரும்புவதா? கடப்பாறையை எடுத்து அவருக்காக ஒரு வாசல் திறந்தார்.

தண்ணீர் அவர்கள் மூவரையும் ஆய்வாளரையும் தெருக்கோடி வரை கொண்டுபோய் விட்டது. ஆய்வாளர் கையிலிருந்த பூட்டு உருண்டு உருண்டு போய், உடைந்த மூடி வழியாகக் கீழ்த்தெரு மேன்ஹோலுக்குள் விழுந்ததை ஊரே பார்த்தது. செண்பகவல்லி விளக்குமாறோடு கடைக்குள் நுழைந்தாள்.

"யோவ், என் பூட்டு சாக்கடைக்குள்ள போயிடுச்சு. எடுத்துக் குடு" என்றார் ஆய்வாளர்.

மேஸ்திரி எழுந்து நின்று, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

"வாய்ப்பே இல்லைங்க சார். சாக்கடைக்குள்ள எதுவும் போகாதபடி நேத்தே அடைச்சிட்டோம்."

பிச்சாண்டியும் சூசையும் ஆமாம் என்றார்கள். பிறகு மூவருமே ஆய்வாளரின் தோள்பையைப் பார்த்தார்கள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், அப்படியே அசையாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, பிச்சாண்டி சிமெண்ட் குழைக்க உட்கார்ந்தான்.