முதலைமேல் ஏற்றிய அரசி

"அந்தக் குயவனின் கையை முறிக்கப் போகிறேன்," என்றான் பெட்டோ.

தாயெசே மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தக் கையை?"

"எந்தக் கையால் இதைச் செய்தானோ, அந்தக் கையை."

"இரண்டு கையாலும்தான் செய்திருப்பான். உனக்கு வேலை அதிகம்."

பெட்டோ இடுப்புத் துணியிலிருந்து ஒரு மண்விளக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தான். உள்ளங்கையில் அடங்குகிற விளக்கு. அச்சில் அழுத்திச் செய்தது. அதன் முகத்தில் ஒரு முதலை. முதலையின்மேல் ஒரு பெண். உடம்பில் துணி இல்லை. அவள் உட்கார்ந்திருந்த விதத்தைச் சொல்லாமல் விடுவதே நல்லது.

யாரென்று கீழே எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. கிளியோபாட்ரா செத்துப் பதினேழு வருடம் ஆகியும், ரோமர்கள் எந்தப் பெண்ணைக் கேலி செய்தாலும் அது அவள்தான்.

அலெக்சாந்திரியா நகரத்துக்குத் தெற்கே ஓர் ஏரி உண்டு. அந்த ஏரியின் துறையில் படகு ஓட்டுகிறவன் பெட்டோ. அதே துறையில் மீன் உலர்த்துகிறவள் தாயெசே. அவன் சீடன், அவள் குரு. அவளைவிட அவன் பத்து வயதாவது மூத்தவன். அதைச் சொல்லி ஊரில் ஒரு சிரிப்பு உண்டு. இரண்டு பேருமே அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"காசு கொடுத்தா வாங்கினாய்?" என்று கேட்டாள் தாயெசே.

"ஆமாம்."

"இது ஒன்றையா?"

பெட்டோ ஏரியைப் பார்த்தான்.

"ஒரு கூடை."

"மற்றதெல்லாம் எங்கே?"

"உடைத்துவிட்டேன். சந்தை நடுவில் வைத்து, ஒவ்வொன்றாக. எல்லோரும் பார்க்கட்டும் என்று."

"பார்த்தார்களா?"

"கூட்டம் கூடிவிட்டது."

"குயவன் என்ன சொன்னான்?"

பெட்டோ பல்லைக் கடித்தான்.

"இன்னொரு சூளை கட்டுகிறான். 'அண்ணே, இந்தச் சரக்குக்கு இவ்வளவு கிராக்கி இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டதே' என்கிறான். எனக்கு ஒரு விளக்கு சும்மா கொடுத்தான். அதுதான் இது."

தாயெசே மீன் குடலை இழுத்துப் பூனைக்கு எறிந்தாள்.

"நல்ல வாடிக்கைக்காரன் நீ."

"சிரிக்காதீர்கள், தாயே. என் மகளின் கல்யாணம் நிற்கப் போகிறது."

அவள் சிரிக்கவில்லைதான். ஆனால் கத்தி ஒரு கணம் நின்றது.

விஷயம் இதுதான். பெட்டோவின் மகளுக்கும் அந்த அரசியின் பெயர்தான். அரசி இறந்த வருடம் பிறந்தவள் அவள். எதிர்க்கரையில் உப்பு மீன் வியாபாரம் செய்யும் வீட்டில் அவளைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பெயர் ஹெராயிஸ். விளக்கு சந்தைக்கு வந்த பிறகு ஹெராயிஸ் ஆள் அனுப்பிவிட்டாள்.

"என்னவாம்?"

"பெயரை மாற்றிக் கூட்டி வா, இல்லாவிட்டால் கூட்டி வராதே என்கிறாள். 'அந்தப் பெயரோடு ஒருத்தி என் வீட்டுக்கு வந்தால் நாளைக்கு ஊரெல்லாம் என் மகனை முதலை என்று கூப்பிடும்' என்கிறாள்."

"கூப்பிடுவார்கள்."

"தாயே!"

"கூப்பிடத்தான் செய்வார்கள், பெட்டோ. நம் ஊர் தெரியாதா உனக்கு?"

"இன்று பொழுது சாய்வதற்குள் பதில் கேட்டு அவளே வருகிறாள்."

"மாற்றிவிடேன். பெயர்தானே."

"மாட்டேன்."

"ஏன்?"

"அவள் அப்படிப்பட்டவள் இல்லை."

"யார்? உன் மகளா, அரசியா?"

"இரண்டு பேரும்தான்."

பெட்டோ அங்கேயே முன்னும் பின்னும் நடந்தான். காலடி மணல் குழிந்தது.

"படகில் ஏறுகிறவன் எவனாவது இரண்டு துடுப்பு போடுவதற்குள் அவளைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறான். ஒருவன் படுக்கை விரிப்புக்குள் சுருட்டி அவளைத் தூக்கிப்போன கதையைச் சொல்கிறான். ஒருவன் முத்தைப் புளிக்காடியில் கரைத்துக் குடித்தாள் என்கிறான். இன்னொருவன் பாம்பு எங்கே கடித்தது என்று தன் நெஞ்சில் தொட்டுக் காட்டுகிறான். பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி. நேற்று ஒரு சிப்பாய் பாட்டே பாடினான். அவனை ஏரியில் தள்ளிவிட்டேன்."

"நீச்சல் தெரியுமா அவனுக்கு?"

"தெரிந்திருந்தது. அதுதான் வருத்தம்."

தாயெசே கத்தியைத் துடைத்தாள். தன் முன்னால் இருந்த ஈர மண்ணை உள்ளங்கையால் தடவிச் சமமாக்கினாள்.

"சரி. அரசி எப்படிப்பட்டவள் என்று சொல். கேட்கிறேன்."

பெட்டோ இதற்காகத்தான் காத்திருந்தவன்போல முன்னால் வந்து குந்தினான்.

"அவள் வேசி இல்லை."

தாயெசே கத்தி முனையால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள்.

"குடிகாரி இல்லை."

இன்னொரு கோடு.

"சூனியக்காரி இல்லை. ஆண்களை மயக்கி அரசாண்டவள் இல்லை. படுக்கையில் நாட்டை விற்றவள் இல்லை. தம்பியைக் கொன்றுவிட்டுச் சிரித்தவள் இல்லை."

அவன் சொல்லச் சொல்லக் கத்தி ஓடியது. அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது அதுவும் நின்றது.

பெட்டோ குனிந்து பார்த்தான்.

மண்ணில் ஒரு முதலை. முதலையின்மேல் ஒரு பெண்.

"இதை ஏன் வரைந்தீர்கள்?"

"நானா? நீ சொன்னதைத்தான் வரைந்தேன்."

அவன் முகம் சிவந்தது. மண்ணைக் கையால் அழித்தான்.

"சரி. வேறு மாதிரி சொல்கிறேன். அவள் பேரழகி. தெய்வம் மாதிரி. கண்கள் இருக்கிறதே, நைல் நதியில் நிலா விழுந்தது மாதிரி. அவள் படகுக்குப் பொன் வேய்ந்திருந்தார்கள். பாயில் வாசனைத் தைலம். காற்று அவளைப் பார்க்கவே வந்தது. ராஜாக்கள் எல்லாம் அவள் காலடியில்..."

தாயெசே வரைந்துகொண்டிருந்தாள்.

அவன் நிறுத்தினான்.

அதே முதலை. அதே பெண். தலையில் மட்டும் ஒரு கிரீடம்.

"கிரீடம் வைத்துவிட்டேன். இறங்க மாட்டேன் என்கிறாள்."

பெட்டோ எழுந்து மீன் உலர்த்தும் தட்டியை ஒரே உதையாக உதைத்தான். கீறி வைத்த மீன்கள் மணலெல்லாம் சிதறின. பூனை ஓடிப்போனது.

"அப்படியானால் என்னதான் சொல்ல வேண்டும்? வாயை மூடிக்கொண்டு துடுப்புப் போடவா? செத்தவளை நாய்கள் மாதிரி இழுக்கிறார்கள். அவள் திரும்பி வந்தா பதில் சொல்லப் போகிறாள்? ஒரு வார்த்தை சொல்ல முடியாதவளைப் பேசுகிறவன் என்ன ஆண்பிள்ளை? என் மகள் தண்ணீருக்குப் போனால் பையன்கள் முதலை மாதிரி வாயைப் பிளந்து காட்டுகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்!"

தாயெசே அவனைப் பார்த்தாள்.

"முதலில் மீனைப் பொறுக்கு."

அவன் அசையவில்லை.

"என் சாப்பாடு அது, பெட்டோ. பொறுக்கு. மணல் போகக் கழுவு."

பொறுக்கினான். ஏரி ஓரத்தில் முழங்கால்வரை நின்று ஒவ்வொன்றாகக் கழுவினான்.

அவன் முதுகைப் பார்த்து அவள் கேட்டாள்.

"அவள் என்ன சொன்னாள்?"

"யார்?"

"அரசி. அவள் மூக்கைச் சொல்கிறார்கள். கண்ணைச் சொல்கிறார்கள். யாரோடு படுத்தாள் என்கிறார்கள். நீயும் நிலா, தைலம் என்றாய். அவள் வாயைத் திறந்து என்ன சொன்னாள்? உங்கள் யாருக்காவது தெரியுமா?"

மீன் கழுவுகிற சத்தம் நின்றது.

"தெரியும்," என்றான்.

"சொல்."

"சிரிப்பீர்கள்."

"சிரித்தால் இன்னொரு முறை தட்டியை உதைத்துக்கொள்."

பெட்டோ திரும்பாமலே சொன்னான்.

"நைல் நதியில் வெள்ளம் ஏறாத வருடம். ஊரெல்லாம் பஞ்சம். களஞ்சியத்துத் தானியம் படகில் வந்து இந்தத் துறையில் இறங்கியது. அதைப் பார்க்க அரசி வந்தாள். அப்பாதான் அப்போது படகோட்டி. அதோ அந்தக் கம்பத்தின் பக்கத்தில் அவளைக் கும்பிட்டுக் குப்புற விழுந்து கிடந்தார். அவள் குடும்பம் முந்நூறு வருடமாக நம்மை ஆண்டது இல்லையா? அத்தனை பேரும் கிரேக்கம்தான் பேசினார்கள். நம்மிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். இவள் நடு ஆள் யாரையும் கூப்பிடவில்லை. அப்பாவிடம் நம் பேச்சிலேயே பேசினாள். இந்தக் கரைப் பேச்சிலேயே."

"என்ன பேசினாள்?"

"'உன் படகு ஒழுகுகிறது' என்றாள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அழகாக இருந்தாளா?"

"அப்பா அதைச் சொன்னதே இல்லை. செருப்பு நனைந்துவிட்டதாம். அதைச் சொல்வார்."

"உன் அப்பா என்ன செய்தார்?"

"அவள் போனதும் படகைக் கரையேற்றினார். இடுக்கெல்லாம் நார் திணித்துக் கீல் பூசினார். அது வரைக்கும் ஒழுகுவது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். தானியம் நனைந்தால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் உறைத்ததாம். இதுதான் அந்தப் படகு. இன்னும் ஒரு சொட்டு உள்ளே வராது."

"இதை நீ படகில் வருகிறவர்களிடம் சொன்னதுண்டா?"

"யார் கேட்பார்கள்? அரசி என்றால் முத்து வேண்டும், பாம்பு வேண்டும். அப்பா சொல்வார். சாகிற வரைக்கும் சொன்னார். சொல்லும்போதெல்லாம் ஊர் சிரித்தது. எனக்கே வெட்கமாக இருக்கும். என் மகள் ஒருத்திதான் அவர் மடியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்பாள். பெயர் வைத்ததும் அவர்தான்."

கழுவிய மீனைக் கொண்டுவந்து தட்டியில் அடுக்கினான்.

தாயெசே கேட்டாள்.

"அவள் என்ன சொன்னாள்?"

"இப்போதுதானே சொன்னேன்? உன் படகு..."

"உன் மகள்."

"எதைப் பற்றி?"

"பெயரைப் பற்றி."

பெட்டோவுக்குப் புரியவில்லை.

"அவளைக் கேட்கவில்லை. அவளை எதற்குக் கேட்க வேண்டும்? அவளுக்காகத்தானே நான் சண்டை போடுகிறேன்?"

தாயெசேயின் முகம் மாறியது. இத்தனை வருடத்தில் அவளை அப்படி அவன் பார்த்ததில்லை.

அவள் கத்தியை எடுத்தாள். மண்ணைத் தடவினாள். மூன்றாவது முறையாக வரைந்தாள். வேகமாக, மண் தெறிக்க.

முதலை. முதலையின்மேல் ஒரு பெண். இந்தப் பெண் சின்னவள். தலையில் இரட்டைப் பின்னல்.

துறையில் எல்லோருக்கும் தெரிந்த அவன் மகளின் பின்னல் அது.

பெட்டோ அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தாயே..."

"என் முன்னால் நிற்காதே. போ."

அவன் விளக்கை அங்கேயே விட்டுவிட்டுத் துறையை நோக்கி நடந்தான்.

மகள் படகுக்குள் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தகப்பன் முகத்தை ஒரு முறை பார்த்தாள். கயிற்றையே மறுபடி பார்த்தாள். பல நாளாக அவள் அவனிடம் பேசுவதே குறைந்துபோயிருந்தது. அது அவன் கண்ணில் அன்றுதான் பட்டது.

கேட்க வாயெடுத்தான். அதற்குள் எதிர்க்கரைப் படகு வந்துவிட்டது.

ஹெராயிஸின் சொந்தப் படகு. முன்முனையில் இரண்டு பக்கமும் பெரிய கண் எழுதியிருந்தது. புதுச் சாயம் பளபளத்தது. நடுவில் மெத்தை போட்டு ஹெராயிஸ் உட்கார்ந்திருந்தாள். காலைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தாள்.

"என்ன பெட்டோ, முடிவு பண்ணியாயிற்றா? நீ திணறுவாய் என்று நானே ஒரு பெயர் பார்த்து வைத்திருக்கிறேன். இசிதோரா. சாமி பெயர். வாயில் நன்றாக வருகிறது. அந்த முதலைக்காரி பெயரைத் தலையைச் சுற்றி ஏரியில் போட்டுவிடு."

பெட்டோவின் கை துடுப்பை இறுக்கியது. அவள் வேசி இல்லை, என்று நாக்கு நுனிவரை வந்தது.

விழுங்கினான்.

"என்னைக் கேட்காதீர்கள், அம்மா," என்றான்.

"பின்னே யாரைக் கேட்பது?"

அவன் ஓரடி பின்னால் போய் நின்றான்.

துறையில் சும்மா நின்றவர்கள் எல்லாம் கிட்டே வந்தார்கள். ஒரு பையன் வாயைப் பிளந்து முதலை காட்டினான். யாரோ சிரித்தார்கள்.

மகள் கயிற்றைக் கீழே வைத்தாள். படகைவிட்டு இறங்கித் தண்ணீரில் நடந்து ஹெராயிஸின் படகுக்குப் பக்கத்தில் வந்தாள். ஹெராயிஸின் முகத்தை அவள் பார்க்கவில்லை. மெத்தையைப் பார்த்தாள். மெத்தையின் ஓரம் கருத்து ஊறியிருந்தது. பலகை இடுக்கில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"உன்னைத்தான், பெண்ணே. ஊமையா நீ? இப்போது உன் பெயர் என்ன?"

அவள் நிமிர்ந்தாள். குரல் உயரவில்லை. ஆனால் கரைவரை கேட்டது.

"கிளியோபாட்ரா," என்றாள். "உங்கள் படகு ஒழுகுகிறது."