தேக்குக்குப் பழக்குன இரும்பு ரம்பம்

சுள்ளிமேட்டுக்காரங்க புத்தியப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா ஒரு பொழுது பத்தாதுங்க. நாமளும் அந்த ஊருதான், அதனால கொறச்சே சொல்லிக்கலாம்.

அந்த ஊர்ல ஆறுச்சாமின்னு ஒரு ஆசாரி. கை நல்ல கை. தலைக்குத்தான் அவ்வளவா வேலை வெக்கறதில்ல. அவரு மகளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா ராஜாமணி ஒரே ஒரு பேச்சுத்தான் பேசுனாங்க.

"பொண்ணுகூட தேக்குக் கட்டில் வரோணும். அப்பன் கையால செஞ்சதா இருக்கோணும். ஒத்த ஆணி இருக்கப்படாது. புதங்கெழமை நானே வந்து தடவிப் பாப்பேன். ஆணி தட்டுப்பட்டா கல்யாணம் இல்ல, சொல்லிப்போட்டேன்."

ஆறுச்சாமிகிட்ட இருந்தது ஒரே ஒரு தேக்குக் கட்டை. மில்லுல குடுத்து அறுத்திருக்கலாம். ஆனா மில்லுக்காரர் இவிங்கள வாசல்லயே வெரட்டுவாரு. போன தடவை அறுத்துக் குடுத்தப்ப, ஆறுச்சாமி மச்சான் கொழந்தவேலு மரத்தூளையெல்லாம் சாக்குல அள்ளி, "இதுவும் எங்க மரந்தானுங்க, திரும்ப ஒட்டிக் குடுங்க"ன்னு பொழுது சாயற வரைக்கும் நவுரல. அவன் எப்பவுமே அப்படி. ஒருக்கா சந்தையில கோழி வாங்கி, முட்டை போடுதான்னு மூணு நாள் கண்ணெடுக்காம பாத்துட்டு உக்காந்திருந்தான். மூணாம் நாள் அது கூவுச்சு. "முட்டை வரப்போகுது, அந்த வலியில கத்துது"ன்னு நாலாம் நாளும் உக்காந்தான். அது கெடக்கட்டும்.

கோயமுத்தூர்ல ஒரு லேத் பட்டறையில பழைய பேண்ட்சா மெஷின் வெலைக்கு வந்துச்சு. ரெண்டு சக்கரத்தச் சுத்தி நாடா மாதிரி ரம்பம் ஓடுமே, அதுதான். பட்டறைக்காரர் நல்ல மனுசன். ஒளிக்காமச் சொன்னாரு.

"இது இரும்பு அறுக்கறதுங்க. பல்லு பொடுசு, ஓட்டம் மெதுவு. மரத்துக்கு ஆவுமான்னு பாத்துட்டு வாங்குங்க. மொதல்ல பல்ல எண்ணுங்க, பொறவு அறுத்துப் பாருங்க. ஆவலைன்னா புதங்கெழமை திருப்பிக் குடுத்துருங்க."

டெம்போவுல ஏத்திட்டு வந்து எறக்குன கையோட எண்ண ஆரம்பிச்சாங்க. ஒரு அங்குலத்துக்கு எத்தனைன்னு எண்ணறதுதான் தொழில்காரங்க வழக்கம். இவிங்க மொத்தத்தையும் எண்ணுனாங்க. ஆறுச்சாமி சக்கரத்தச் சுத்த, சகலை திருமூர்த்தி எண்ண, மத்தியானத்துக்குள்ள பதினோராயிரம் தாண்டியாச்சு.

"ஏனுங் சகலை, இன்னும் தீரலையா?"

"எங்கீங்க தீருது? வந்துட்டே இருக்குது."

"எண்ணுன பல்லயே எண்ணறீங்களோ என்னமோ."

"எனக்கென்ன தெரியும்? ஒவ்வொண்ணுக்கும் பேரா வெச்சிருக்குது?"

கொழந்தவேலு ஓடிப் போய்க் குங்குமம் கொண்டாந்து மொதப் பல்லுக்குப் பொட்டு வெச்சான். ஒரு சுத்து வந்துச்சு. திருமூர்த்தி குனிஞ்சு பாத்தாரு.

"மச்சா, இங்கயும் ஒரு பல்லுக்குப் பொட்டு வெச்சிருக்குது!"

"நமக்கு முந்தி யாரோ எண்ணியிருக்காங்க"ன்னான் கொழந்தவேலு. எண்ணுன பல்லு அப்ப சரியாத்தான் இருக்கும்னு அத்தோட விட்டுட்டாங்க.

அடுத்தது அறுத்துப் பாக்கறது. தேக்கக் குடுத்து சுவிட்சப் போட்டாங்க. பொடிப்பல்லுல தூளு அப்பிக்கிச்சு. ரம்பம் ரெண்டு விரக்கடை போயி நின்னு, குபுகுபுன்னு பொகைய விட்டுச்சு. ஆறுச்சாமி சுவிட்ச அணைச்சாரு. கட்டில் போனா கல்யாணம் போச்சு, மக மூஞ்சியில எப்படி முழிக்கறது?

"மெஷின் மேல தப்பில்ல மாமா"ன்னான் கொழந்தவேலு. "பத்து வருசமா இரும்பே தின்னு வளந்தது. திடுதிப்புனு மரத்தக் குடுத்தா செரிக்குமா? புள்ளைக்குப் பால் மறக்கடிக்கறப்ப என்ன பண்றோம்?"

"பால்ல சோத்தப் பெசஞ்சு குடுக்கறோம்."

"அதேதான். மரத்துல இரும்பப் பெசஞ்சு குடுக்கோணும்."

ஆறுச்சாமிக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. இவ்வளவு புத்தியுள்ளவனுக்கு அக்கா புருசனாப் போனமேன்னு ஒரு பெருமை.

மொத நாள் தேக்குல முழத்துக்கு நூறு ஆணி அடிச்சுக் குடுத்தாங்க. ரம்பம் ஆணியெல்லாம் சொகமா அறுத்து, மரத்துக்கு மட்டும் மொனகுச்சு. "பாருங்க, பழைய சோறு தேடுது"ன்னாரு திருமூர்த்தி. மறுநா எம்பது, அதுக்கு மறுநா நாப்பது. நாலாம் நாள் கட்டையில ஒரு சாண் மிச்சம். அதுல ஆணியே இல்ல. மெஷினு பொகஞ்சு, மொனகி, நத்த ஊர்ற மாதிரி ஊர்ந்து, கடைசியில அறுத்தே போட்டுருச்சு!

மூணு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. மெஷின் மரத்துக்கு ஆவும்னு முடிவாயிருச்சு. அறுக்கத்தான் மரம் இல்ல.

அப்ப வாசல்ல கார் நின்னுச்சு. புதங்கெழமை. ராஜாமணியம்மா ரெண்டு பங்காளிகளோட உள்ள வந்தாங்க. முள்ளம்பன்னி மாதிரி ஆணியோட குமிஞ்சு கெடந்த தேக்குத் துண்டுகளப் பாத்தாங்க.

"ஏனுங் சம்பந்தி, ஆணி கூடாதுன்னு சொன்னனல்ல?"

ஆறுச்சாமி பொறந்ததுல இருந்து மொதத் தடவையா தலைக்கு வேலை குடுத்தாரு.

"ஆணி இருக்கறது மரத்துலங்க சம்பந்தி. கட்டில் இன்னும் செய்யவே இல்லீங்களே. அதுல ஒத்த ஆணி இருந்தாக் காட்டுங்க பாக்கலாம்."

ராஜாமணியம்மாவும் சுள்ளிமேட்டுல பொறந்தவங்கதான். கட்டில் இருக்க வேண்டிய எடத்துல குனிஞ்சு, தலமாடு கால்மாடு ரெண்டையும் நல்லாத் தடவிப் பாத்தாங்க. ஒரு எடத்துலயும் ஆணி தட்டுப்படல.

"சுத்தமான வேலை. மொகூர்த்தத்தப் பாருங்க"ன்னுட்டாங்க.

கல்யாணம் அமோகமா நடந்துச்சு. கட்டிலத் தூக்க நாலு பேரு வந்தாங்க, மூலைக்கு ஒருத்தரா. "சாச்சுப் புடிங்கப்பா, செவுத்துல இடிக்குது"ன்னு ஆறுச்சாமி பின்னாடியே ஓடுனாரு. மாப்பிள்ளை வீடு வரைக்கும் ஒரு கீறல் விழாமக் கொண்டு போய்ச் சேத்துட்டாங்க.

அங்க போனாத்தான் தெரிஞ்சுது, வாசல் சின்னது. கட்டில் உள்ள போகல. கதவு நெலையக் கழட்டி, பக்கத்துச் செவுத்த ரெண்டு முழம் இடிச்ச பொறவுதான் நுழைஞ்சுது.