இடிமுழக்கனின் இரண்டாம் பாகம்

பூவரசங்கோட்டையை ஆண்ட கொடைவல்ல மகாராஜாவுக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம் உண்டு. அதற்குக் கதையாட்டம் என்று பெயர். தரையில் சுண்ணாம்பால் ஒரு தேசத்தை வரைவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். ஆடுகிறவர் கதையின் வீரனாகி, "வெட்டுகிறேன், தாவுகிறேன்" என்று சொல்லித் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். வெற்றியும் தோல்வியும் கட்டை விழுகிறபடி.

கதை சொன்னவன் சாத்தையா. அரண்மனையில் அவனுக்கு வேலையே வாயாடுவதுதான். மகாராஜா ஆடிய வீரன் பெயர் இடிமுழக்கன். மூன்று மாத ஆட்டத்தில் இடிமுழக்கன் மலையை வெட்டும் வாள் பெற்றான், மாய மோதிரம் பெற்றான், பறக்கும் குதிரை பெற்றான். அரக்கர்களை ஒழித்து, இளவரசியை மணந்து, முடியும் சூடிவிட்டான். ஆட்டம் முடிந்த அன்று மகாராஜா தேம்பி அழுதார்.

மறுநாள் சபையில் ஆணை பிறந்தது. "இரண்டாம் பாகம் வேண்டும்! அதிலும் என் இடிமுழக்கன்தான் வீரன்!"

"அவனுக்கு இனி என்ன பாக்கி இருக்கிறது? புது ஆளைப் போடுங்கள்" என்றார் மகாராணி.

"முடியாது! அவன் பலத்தில் ஓர் எள்ளளவும் குறையக் கூடாது. ஆனால் ஆட்டம் கடினமாக இருக்க வேண்டும். எனக்கு வேர்த்துக் கொட்ட வேண்டும்!"

அமைச்சர் சபாரத்தினத்துக்குச் சாத்தையாவைக் கண்டாலே ஆகாது. சமயம் பார்த்து எழுந்தார். "மகாராஜா, வேர்க்காவிட்டால் சாத்தையாவின் மீசையில் பாதியை மழித்து ஊரைச் சுற்ற விடுவோம்."

"நல்ல யோசனை!" என்றார் மகாராஜா.

சாத்தையா மீசையைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எதிரில் எவனை நிறுத்தினாலும் ஒரே வெட்டில் விழுந்துவிடுவானே!

மூன்றாம் நாள் காலை ஆட்டம் தொடங்கியது.

"இடிமுழக்கர் அரண்மனையில் கண் விழிக்கிறார்" என்றான் சாத்தையா.

"வாளை எடுத்தேன்! அரக்கன் எங்கே?"

"ஒருவன்தான் மிச்சம், மகாராஜா. உங்களைக் கண்டதும் காலில் விழுந்துவிட்டான். சரண் அடைந்தவனை வெட்டலாமா?"

"கூடாதுதான். வேறு யார் இருக்கிறார்கள்?"

"வாசலில் இரண்டு பெண்கள். நடுவில் ஓர் ஆடு. இரண்டு பேரும் அது தன்னுடையது என்கிறார்கள். நீங்கள் ராஜா அல்லவா? தீர்ப்புச் சொல்லுங்கள்."

"ஆடா?" மகாராஜா விழித்தார். "வாளை உருவி மிரட்டுகிறேன்!" கட்டையை உருட்டினார். பன்னிரண்டு விழுந்தது.

"அருமையான வீச்சு! மலையை வெட்டும் வாள் ஆயிற்றே, ஆடு இரண்டாகிவிட்டது. இப்போது இரண்டு பேரும் உங்கள் மேல் வழக்குப் போடுகிறார்கள்."

"ஐயையோ! மாய மோதிரத்தைப் போட்டு மறைகிறேன்!"

"மறைந்துவிட்டீர்கள். ராஜாவைக் காணோம் என்று ஊரெல்லாம் தமுக்கு அடிக்கிறார்கள். மாமனார் சிம்மாசனத்தில் உட்கார்ந்து அளவு பார்க்கிறார். ராணி சட்டி பானையை எல்லாம் உடைக்கிறார்."

"குதிரை! பறக்கும் குதிரையில் ஏறிப் போகிறேன்!"

"பறக்கிறீர்கள். கீழே ஒரு கிழவர் கத்துகிறார், ராஜா குதிரை என் தலையில் சாணி போட்டுவிட்டது என்று. அவரும் வழக்குக்கு வருகிறார்."

மகாராஜாவின் நெற்றியிலிருந்து வேர்வை சுண்ணாம்புக் கோட்டில் சொட்டியது.

"வேர்த்துவிட்டது, அமைச்சரே!" என்றான் சாத்தையா. "பலத்தில் ஓர் எள்ளும் குறைக்கவில்லை." சபாரத்தினம், மீசை மழிக்கத் தயாராக நிறுத்தி வைத்திருந்த நாவிதரைப் பார்த்து, போய்விடு என்று கண்ணைக் காட்டினார்.

மகாராஜா கட்டையை வீசி எறிந்தார். "நிறுத்து! ஆட்டு வழக்கும் மாமனாரும் எனக்குத் தினமும்தான் இருக்கிறது! இதிலிருந்து தப்பிக்கத்தானே விளையாடவே வந்தேன்! புது வீரனையே போடு!"

மகாராணி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மகாராஜா மெதுவாகக் கேட்டார். "ஆனாலும் சாத்தையா, என் இடிமுழக்கனை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லையே."

"ஏன் விட வேண்டும்? முதல் காட்சியில் புதுப் பையன் ஒருவன் கிழிந்த செருப்போடு வருவான். சிம்மாசனத்திலிருந்து இடிமுழக்கர், 'பூதம் வந்திருக்கிறது, போய் அடித்துவிட்டு வா' என்று அனுப்புவார். அனுப்பிவிட்டு வெற்றிலை போடுவார்."

"அவ்வளவு பெரிய வீரன்! கூடப் போக மாட்டானா?"

"முடி சூடிய பிறகு நேரில் போவார்களா? கடைசியாகத் தாங்கள் எந்தப் போருக்குப் போனீர்கள், மகாராஜா?"

மகாராஜா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு விரலும் மடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையாவுக்குப் போட்டார்.

அன்றே புதிய ஆட்டம் தொடங்கியது. கிழிந்த செருப்புக்காரனாக மகாராஜா உட்கார்ந்தார். முதல் எதிரி ஒரு கோழி. மகாராஜா கட்டையை உருட்டினார்.

கோழி ஜெயித்தது.

"இன்னொரு தடவை!" என்று துள்ளினார் மகாராஜா.