கிளி பொருள் சொன்ன காலம்

பறவைகளும் மனிதர்களும் ஒரே கிணற்றடியில் நின்று கதை பேசிய அந்தக் காலத்தில், கிளிக்குச் சொந்தப் பேச்சு இருந்தது. எல்லா மொழியும் அதற்குத் தெரியும். தென்கடற்கரைத் துறைமுகம் ஒன்றில், ஒருவர் பேச்சை மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி அதுதான்.

அந்தத் துறைக்கு ஆண்டுதோறும் அரபு நாட்டுக் கப்பல் ஒன்று குதிரைகளோடு வரும். கப்பல் தலைவன் பெயர் ஹாரித். கரையில் அவனுக்கு ஒரே நண்பன், சேந்தன் என்ற மீனவன். ஒருவன் மொழி மற்றவனுக்குத் தெரியாது. ஆனாலும் வெயில் தாழ்ந்ததும் இருவரும் புன்னை மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். நடுவில் கிளி. சேந்தனின் மனைவி கொற்றி மீன் சுட்டுக் கொண்டுவந்து வைப்பாள்.

பழமொழி இல்லாமல் ஹாரித்துக்குப் பேச வராது. பேரீச்சை வரும், பாலைவனம் வரும், ஒட்டகம் வரும். சேந்தன் இவற்றில் எதையும் கண்டதில்லை. கிளி சற்று யோசிக்கும். பேரீச்சையைப் பனையாக்கும், பாலைவனத்தைக் கடலாக்கும். சேந்தன் ஊரில் அதற்கு ஈடாக வழங்கும் பேச்சைத் தேடிப் பிடித்துச் சொல்லும். உடனே இருவரும் ஒன்றாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் கிளி பகலெல்லாம் காத்திருக்கும். அப்படிப்பட்ட மாலைகள் பிறகு அந்தக் கரைக்கு வாய்க்கவே இல்லை.

ஐப்பசியில் ஒரு காலை. இலை அசையவில்லை. சேந்தன் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஹாரித் கிழக்கு வானத்தைப் பார்த்தபடி ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தான். அசையாத காற்றையும் மண்டியிட்ட ஒட்டகத்தையும் பற்றிய பழமொழி ஒன்றைச் சொன்னான். அவன் நாட்டில் அதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது.

"என்ன சொல்றார்?" என்று பக்கத்தில் இருந்த கிளியைக் கேட்டான் சேந்தன்.

கிளியும் ஒட்டகத்தைப் பார்த்ததில்லை. மண்டியிட்டால் ஓய்வு, ஓய்வு என்றால் அமைதி என்று அது எண்ணிக்கொண்டது. எண்ணியதும் அழகான ஈடு ஒன்று கிடைத்துவிட்டது.

"கடல் தொட்டில் பிள்ளை மாதிரி தூங்குதாம். பயமில்லாமல் போய்வரச் சொல்றார்."

சேந்தன் சிரித்தான். ஹாரித்தைக் கட்டி அணைத்துவிட்டுப் புறப்பட்டான். ஹாரித் அதே பழமொழியை மறுபடியும் கத்தினான். வழியனுப்புகிறான் என்று நினைத்துச் சேந்தன் கையை அசைத்தான்.

நண்பகலில் புயல் வந்தது. அது ஓய்ந்தபின் ஹாரித் தன் ஆட்களோடு தேடிப்போனான். உடைந்த துடுப்பு ஒன்றோடு திரும்பினான்.

கொற்றி அழவில்லை. கிளியின் எதிரே வந்து நின்றாள்.

"அன்னைக்கு இவர் என்ன சொன்னார்? நீ நினைச்சது வேண்டாம். இவர் வாயில் வந்ததை அப்படியே சொல்லு."

கிளி முதல்முறையாகத் தன் குரலை விட்டு ஹாரித்தின் குரலிலேயே, அவன் மொழியிலேயே, சொல் பிசகாமல் சொன்னது. அதைக் கேட்டதும் ஹாரித் மணலில் மண்டியிட்டான். தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்தான். மணற்புயல் வரும்போது ஒட்டகம் அப்படித்தான் ஒடுங்கும். கொற்றிக்கு விளங்கிவிட்டது. அப்போதுதான் அவள் அழுதாள்.

"நான் அவரைக் கொன்னுட்டேன்," என்றது கிளி.

"நீ கெட்டது நினைக்கலை," என்றாள் கொற்றி. "ஆனாலும் இனிமேல் யாருக்கும் நீ பொருள் சொல்ல வேண்டாம்."

ஹாரித் அந்த ஆண்டு ஊர் திரும்பவில்லை. கொற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். காற்று, அலை, துடுப்பு என்று அவன் தமிழ் கற்றான். கிளி மரக்கிளையில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நாளிலிருந்துதான் கிளி, யார் எதைச் சொன்னாலும் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறது.