தளபதியின் ஏழு மாணவர்கள்

மருதங்காட்டை ஆண்ட அரியநாயக ராஜாவுக்கு ஒரு பழக்கம். பத்துப் பேர் கேட்க ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றமாட்டார். அவர் சபையில் விகடகவியாக இருந்தானே கூத்தபிரான், அவனுக்கும் ஒரு பழக்கம். ராஜா சொன்னது எதையும் மறக்கமாட்டான். இந்த ரெண்டு பழக்கமும் ஒரு நாள் கைகோத்துக்கொண்ட கதையைக் கேளுங்கள்.

ஊருக்குத் தெற்கே ராஜா ஒரு கலாசாலை வைத்திருந்தார். சின்னதுதான். நாலு கூடம், ஒரு கிணறு, அவ்வளவே. ஆனால் யார் வீட்டுப் பிள்ளையும் காசில்லாமல் வந்து படிக்கலாம். பின்னாலே பெரிய மைதானம். அங்கே செம்புலிங்கம் வாத்தியார் சடுகுடு, சிலம்பம், மல்யுத்தம் என்று அணி அணியாகச் சேர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தார்.

அந்த மைதானத்தின்மேல் தளபதி மல்லாண்டாருக்கு ஒரு கண். குதிரை லாயம் கட்ட நல்ல இடம்!

"மகாராஜா, படிக்க வந்தவனுக்குப் புழுதியிலே என்ன வேலை? ஆடவாவது தெரியுமா? என் கோட்டைக் கலாசாலை மாணவர்களோடு சடுகுடு ஆடிப் பார்க்கட்டும். தோற்றால் மைதானம் எனக்கு!"

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆகட்டும். ஆனால் ரெண்டு பக்கமும் மாணவர்கள்தான் ஆட வேண்டும்" என்றார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் ரெண்டு அணியும் சபைக்கு வந்து ராஜா கையால் சந்தனம் வாங்குவது வழக்கம். செம்புலிங்கத்தின் பையன்கள் வந்தார்கள். வற்றலும் தொற்றலுமாக ஏழு பேர். அடுத்து தளபதியின் ஏழு பேர் வந்தார்கள். வாசலில் வெளிச்சமே மறைந்துபோச்சு. ஒவ்வொருத்தனுக்கும் மீசை காதைத் தொடுகிறது. ஒருத்தனுக்குத் தலை பாதி நரை. பந்தியிலே இலையைப் பிடிக்கிற மாதிரி ஆளுக்கொரு ஓலைச்சுவடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

செம்புலிங்கம் கூத்தபிரான் காதைக் கடித்தார். "அய்யா, இவனுங்க மூச்சு விட்டாலே எம் பசங்க பறந்துருவாங்க. நம்ம கலாசாலைக்குப் பாதிப் பேர் ஆட்டத்துக்காகத்தான் வர்றான். வந்தவனைப் பிடிச்சு உக்கார வெச்சுத்தான் நாலு எழுத்து சொல்லித் தர்றேன். மைதானம் போனா பசங்களும் போயிருவாங்கய்யா."

கூத்தபிரான் நரைத்தவனிடம் போனான்.

"என்ன தம்பி, பேரப்பிள்ளைங்க எத்தனை?"

"மூணுங்க!" என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக.

சபை கொல்லென்று சிரித்தது.

"தளபதியாரே, தோள்லே இத்தனை தடிப்பாக் காய்ப்பு காய்ச்சிருக்கே! இவங்க உங்க பல்லக்குத் தூக்கற ஆளுங்கதானே?"

மல்லாண்டார் லேசுப்பட்டவரா? "ஆமாம் ஓய், தூக்கினவர்கள்தான். இன்று காலையில் கலாசாலையில் சேர்த்துவிட்டேன். பல்லக்குத் தூக்குகிறவன் படிக்கக் கூடாதா? பாருங்கள் மகாராஜா, ஏழை படித்தால் இவனுக்குப் பொறுக்கவில்லை!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "கூத்தபிரா, யாரும் படிக்கலாம் என்பது என் வாக்கு. இவர்கள் மாணவர்களே. பேசாமல் இரு!"

"உத்தரவு மகாராஜா. மாணவர்களேதான்" என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தான் கூத்தபிரான். செம்புலிங்கத்துக்கு முகம் தொங்கிப்போச்சு.

சபை கலைந்தது. உச்சி வெயில். தளபதி பல்லக்கில் ஏறிச் சாய்ந்தார். ஏழு பேரும் குனிந்து தோள் கொடுத்துத் தூக்கினார்கள்.

"ஐயோ, அக்கிரமம்! மகாராஜா!" என்று வாசலில் நின்று கத்தினான் கூத்தபிரான்.

ராஜா மேல்மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன கூச்சல்?"

"பிள்ளைங்களை மாடு மேய்க்க இழுத்துட்டுப் போறாங்கன்னு முன்னே ஒரு தண்டோரா போட்டீங்களே மகாராஜா, என்னன்னு?"

"வாத்தியார் படிப்பு முடித்து விடுகிற வரைக்கும் மாணவனை யாரும் வேலை வாங்கக் கூடாது, அரண்மனையே ஆனாலும்."

"இதோ ஏழு மாணவர்களைத் தளபதி வேலை வாங்கறார்!"

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டு, "தளபதி, இறங்கும்!" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, ஏழு பேரும் தொப்பென்று பல்லக்கைப் போட்டுவிட்டார்கள்.

"வேறு ஆளைக் கூப்பிடுங்கள்!" என்று அலறினார் தளபதி. அவர் உடம்பைப் பார்த்துவிட்டு ஒருத்தனும் கிட்டே வரவில்லை.

"சரி, என் வாத்தியாரிடம் சொல்லி இவர்களைப் படிப்பை விட்டு நிறுத்திவிடுகிறேன்!"

"தாராளமா நிறுத்துங்க" என்றான் கூத்தபிரான். "நிறுத்திட்டா மாணவன் இல்லே. மாணவன் இல்லேன்னா நாளைக்கு ஆட முடியாது."

தளபதி வெறும் தரையில் நாலு எட்டு வைத்தார். வெயில் சுட்டது. மூச்சு வாங்கியது. திரும்பி வந்து, "இவர்கள் மாணவர்களும் இல்லை, மண்ணும் இல்லை! என் பல்லக்கு ஆட்கள்! போதுமா?" என்று கத்தினார்.

"அப்படியானால் நாளைக்கு உம் பக்கம் யார் ஆடுவார்கள்?" என்று கேட்டார் ராஜா.

"என் கலாசாலைப் பையன்களுக்குத் தாயம் உருட்டத்தான் தெரியும், மகாராஜா."

ராஜா இடி இடியென்று சிரித்தார். "மைதானம் செம்புலிங்கத்துக்கே" என்று சொல்லி, கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானிடம் வீசினார்.

அப்போது நரைத்தவன் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். "சாமி, காலையிலே ஒரு எழுத்து கத்துக்கிட்டோம். மிச்சத்தையும் கத்துக்கணும்னு ஆசையா இருக்கு."

"யாரும் படிக்கலாம் என்றேனே! செம்புலிங்கத்திடம் சேருங்கள்" என்றார் ராஜா.

ஏழு பேரும் வாத்தியார் பின்னாலேயே போய்விட்டார்கள்.

"அடப்பாவிகளா, நான் எப்படி வீட்டுக்குப் போவது?" என்றார் தளபதி.

"நடங்க தளபதியாரே, தினமும் நடங்க" என்றான் கூத்தபிரான். "உடம்பு இறங்கினதும் உங்களையும் சடுகுடு அணியிலே சேர்த்துக்கறோம். இப்பவே சேர்த்தா மைதானம் தாங்காது!"